இன்ஹேலரைக் கண்டு ஏன் பயம்?

ஆசிரியருக்கு,

வீசிங் வரும் குழந்தைக்கு இன்ஹேலர் எழுதிக் கொடுத்தால், 'பழகிவிடும், சிரப்பே போதும்' என்று மறுக்கும் பெற்றோர் இன்னும் நிறைய. மூச்சுத் திணறலைப் போக்கும் சால்பியூட்டமால் மருந்தின், பொதுவாகக் கிடைக்கும் சிரப்பில் 5 மி.லி.க்கு 2 மில்லிகிராம், அதாவது 2,000 மைக்ரோகிராம் மருந்து. இன்ஹேலரின் ஒரு அழுத்தத்தில் வெறும் 100 மைக்ரோகிராம், அதுவும் நேராக நுரையீரலுக்கு.

இதைவிட வருத்தம் தருவது, இருமல் நின்றதுமே புடசோனைடு போன்ற தடுப்பு இன்ஹேலரை நிறுத்திவிடுவது. மூச்சுக்குழாயின் உள்வீக்கம் அடங்க, டாக்டர் சொல்லும்வரை அதைத் தினமும் எடுக்க வேண்டும். சால்பியூட்டமால் அந்த நேரத்துத் திணறலை மட்டும்தான் போக்கும். இந்த வித்தியாசம் தெரியாததால் எத்தனை பிள்ளைகள் நள்ளிரவில் அவசர சிகிச்சைக்குப் போகிறார்கள்!

மருந்துச் சீட்டு தரும்போதே இன்ஹேலரில் ஸ்பேசரை (மருந்தை எளிதாக உள்ளிழுக்க உதவும் குழாய்) பொருத்தி, பெற்றோரையே ஒருமுறை செய்துகாட்டச் சொல்ல மருத்துவமனைகள் ஐந்து நிமிடம் ஒதுக்கட்டும். அப்புறம், அடுத்த முறை வரும்போதும் சரிபார்க்கட்டும்.

வாசகர், மதுரை