மணியத்துக்கு, கல் வாங்கும் முன்

சுங்கை சிப்புட், பேராக்
ஞாயிறு காலை

அன்புள்ள மணியம்,

கடல் மீன் வளர்க்க மூன்றடித் தொட்டி வாங்கிவிட்டேன், அதற்குள் அடுக்கும் லைவ் ராக் எது நல்லது என்று கேட்டிருந்தாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே "சரி சரி" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் சேதி. ரப்பர் தோட்டத்தில் நம் லயத்து வரிசை வீடுகள் இருந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. உன் அப்பா தண்டலாக நின்று பெரட்டு எடுத்து ஆள் கணக்குப் பார்த்த மேடையில் யாரோ வாழை வைத்திருக்கிறார்கள். ரப்பர் பால் கொண்டுபோய்க் கொட்டும் பால் ஸ்டோர் மட்டும் கூரை இல்லாமல் அப்படியே கிடக்கிறது. எனக்கு முட்டி வலி. மற்றபடி குறையில்லை.

சரி, கல்லுக்கு வருவோம். பெயர்தான் லைவ் ராக், உயிர் கல்லுக்கு இல்லை. செத்த பவளத்தின் சுண்ணாம்புக் கூடு அது. அதன் மேலும் பொந்துகளுக்குள்ளும் குடியிருக்கும் பாக்டீரியா, பாசி, புழு, கடற்பஞ்சு இவைதான் உயிர். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். கல்லின் உள்ளே ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில் இருப்பவை அந்த நைட்ரேட்டையும் பிரித்து நைட்ரஜன் வாயுவாக வெளியே அனுப்பிவிடும். நீ காசு கொடுப்பது இந்தப் பொந்துகளுக்குத்தான். ஆகவே கையில் எடுத்துப் பார். பார்க்கப் பெரிதாக இருந்து தூக்கும்போது லேசாக இருந்தால் நல்ல கல். செங்கல் மாதிரி கனத்தால் வைத்துவிட்டு வா. கடைக்காரர் கிலோக் கணக்கில்தானே விற்கிறார், கனமான கல்லால் அவருக்குத்தான் லாபம்.

எவ்வளவு வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். கேலனுக்கு ஒரு பவுண்டிலிருந்து இரண்டு பவுண்டு வரை என்பது பழைய கணக்கு. உன் தொட்டி 180 லிட்டர் என்றால் குறைந்தது 22 கிலோ வரும். லேசான கல் கிடைத்தால் 15 கிலோவே போதும் என்பது என் எண்ணம். தொட்டியைக் கல்லால் அடைத்துவிட்டால் மீன் எங்கே நீந்தும்?

நிறத்தைப் பார்த்து மயங்காதே. ஊதாவும் இளஞ்சிவப்புமாகப் படிந்திருக்கும் கோரலைன் பாசி நல்ல அறிகுறிதான். ஆனால் அது உன் தொட்டியிலும் தானாக வளரும், அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. கண்ணைவிட மூக்கை நம்பு. நல்ல கல்லில் கடற்கரை வாசம் வரும். அழுகின கல்லின் நாற்றத்தை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை, நம் பால் ஸ்டோரின் பின்பக்கம் உறைந்துபோன ரப்பர் பாலை, அந்தக் கட்டிப்பாலை, குவித்து வைத்திருப்பார்களே, ஏறக்குறைய அதேதான்.

அந்த நாற்றத்தை நான் கற்றுக்கொண்டது காசு கொடுத்து. முதல் தொட்டி வைத்தபோது ஒரு கடையில், "ஊற வைத்துச் சுத்தம் செய்த கல் அங்கிள், நேராகப் போடலாம்" என்றார்கள். நம்பிப் போட்டேன். மறுநாளே இரண்டு கோமாளி மீன்களையும் விட்டேன். கல்லின் அடிப்பக்கம் செத்துப்போன கடற்பஞ்சு ஒட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் பால் போல வெளுத்தது, மீன் இரண்டும் போயின. தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட் அதற்குப் பிறகுதான் வாங்கினேன். கடையைத் திட்டி என்ன செய்ய, மோந்து பார்க்காதது நான்தானே.

அப்புறம் அந்தக் கற்களை மழைத்தண்ணீர் பிடிக்கும் நீலப் பீப்பாயில் போட்டேன். உப்புத் தண்ணீர், தண்ணீரைச் சுழற்ற பவர்ஹெட் என்ற சின்ன பம்ப் ஒன்று, மேலே மூடி. வெளிச்சம் பட்டால் வேண்டாத பாசி பிடிக்கும். வாரம் ஒருமுறை கல்லை உதறி, அழுகினதைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுத் தண்ணீர் மாற்றினேன். "ரப்பர் காட்டை விட்டு வந்தும் கட்டிப்பால் வாடை விடலையே" என்று வீட்டுக்காரி இரண்டு வாரம் பின்கதவைத் திறக்கவே இல்லை. ஆறு வாரம் ஆயிற்று. அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், நைட்ரேட் மட்டும் ஏறியிருந்தது. அப்படி வந்தால்தான் கல் தயார் என்று அர்த்தம்.

கல்லோடு சில விருந்தாளிகளும் வருவார்கள். இரவில் டார்ச் அடித்துப் பார். 'டக் டக்' என்று சத்தம் கேட்டால் மாண்டிஸ் இறாலாக இருக்கலாம், சின்ன மீனைக் கொன்றுவிடும். கண்ணாடிப் பூ மாதிரி பழுப்பாக நிற்பது அய்ப்டேசியா என்ற கடல் அனிமோன். அழகாக இருக்கிறதே என்று விட்டுவைக்காதே, தொட்டி முழுக்கப் பரவும். பிய்க்கவும் செய்யாதே, மிச்சம் இருக்கும் துணுக்கிலிருந்தே முளைக்கும். பெப்பர்மிண்ட் இறால் இருந்தால் பெரும்பாலும் தின்றுவிடும். முள்ளுப் புழுவைக் கண்டு மட்டும் பதறாதே, அது பெரும்பாலும் தோட்டிக்காரன், மிச்சம் மீதியைத் தின்று சுத்தம் செய்யும். வெறும் கையால் தொடாதே, அவ்வளவுதான். முள் விரலில் ஏறும்.

அடுத்த மாதம் பெர்ஹெந்தியான் போகும்போது கரையில் கிடக்கும் பவளத்துண்டு நாலைப் பையில் போட்டுக்கொள்ளலாமா என்று எழுதியிருந்தாய். வேண்டாம்டா. அந்தத் தீவுகள் மரைன் பார்க், அதாவது பாதுகாக்கப்பட்ட கடல் பகுதி, பவளம் எடுப்பது சட்டப்படி குற்றம். கடையிலும் எந்த நாட்டுக் கல், முறையான தாளோடு வந்ததா என்று கேள். கல்பவளம், அருகிவரும் உயிரினங்களின் நாடு விட்டு நாடு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் 2ஆம் பட்டியலில் இருக்கிறது, அனுமதி இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது.

நான் இன்று புதிதாக ஆரம்பித்தால் முக்கால் பங்கு உயிர் எதுவும் இல்லாத உலர்ந்த கல், கால் பங்கு உயிர்க்கல், அதுதான் லைவ் ராக், என்று வாங்குவேன். உலர்ந்ததில் பூச்சி வராது, விலையும் குறைவு. ஆனால் சிலவற்றிலிருந்து பாஸ்பேட் கசியும், முதலில் ஊற வைத்துத் தண்ணீரைச் சோதித்துக்கொள். உயிர்க்கல்லிலிருந்து பாக்டீரியா அதற்கு மெல்லப் பரவும், மாதக் கணக்கில் ஆகும். உனக்கு அந்தப் பொறுமை இருக்கிறதா என்று தங்கச்சியைத்தான் கேட்க வேண்டும்.

அடுக்கும்போது மணலைப் போட்டுவிட்டு அதன் மேல் வைக்காதே. கல்லைக் கண்ணாடித் தரையில் நிறுத்திவிட்டு அப்புறம் மணல் கொட்டு. இல்லையென்றால் அடியில் தோண்டுகிற மீன் ஒருநாள் மொத்தத்தையும் சரித்துவிடும். பின்கண்ணாடியை ஒட்டியும் வைக்காதே, நாலு பக்கமும் தண்ணீர் ஓட வேண்டும்.

உயிர்க்கல்லை நீ கடையில் தேடவே வேண்டாம். என் தொட்டியிலிருந்து மூன்று கிலோ எடுத்து வைக்கிறேன். தீமிதிக்கு வருவாய் அல்லவா, மூடி உள்ள ஐஸ் பெட்டி ஒன்று கொண்டுவா, ஐஸ் மட்டும் வேண்டாம். ஈரச் செய்தித்தாளில் சுற்றித் தருகிறேன், கிள்ளான் போய்ச் சேரும் வரை தாங்கும். பழைய செய்தித்தாளும் கொஞ்சம் எடுத்து வா, இங்கே நான் பேப்பர் வாங்குவதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது.

இப்படிக்கு,
உன் ராஜு