செல்ஃப் மோட்டாரும் ஒரு சின்ன புஷ்ஷும்

அன்புள்ள செல்வராஜு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மகளுக்கு வரன் கூடிவந்த சேதி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தை மாதம் என்றால் கண்டிப்பாக வந்துவிடுவேன்.

வேனைப் பற்றிக் கேட்டிருந்தாயே, அதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும். 1986 மாடல் ஃபோக்ஸ்வேகன் டி3, இன்ஜின் பின்னால் இருக்கும். காலையில் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்ளும். நெடுந்தூரம் ஓட்டிவிட்டு பெட்ரோல் போட நிறுத்தினால் போச்சு, செல்ஃப் முக்கி முக்கிச் சுற்றும். சில நேரம் 'கர்ர்' என்று பல்லைக் கடிக்கும். இத்தனைக்கும் செல்ஃப் மோட்டார் புதிது, விற்றவர் பில்லையே காட்டினார். பேட்டரி, எர்த் கேபிள் எல்லாம் சரியாகவே இருந்தன.

உன் கடைக்கு வரும் மோட்டார்களில் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்கும் முன்பக்க புஷ் மோட்டாரின் மூக்கிலேயே இருக்கும், இல்லையா? மேனுவல் கியர் டி3-யில் மோட்டாருக்கு அந்த மூக்கே கிடையாது. ஷாஃப்ட்டின் நுனி வெளியே நீண்டு, கியர்பாக்ஸின் பெல் ஹவுசிங்கில் அடித்திருக்கும் வெண்கல புஷ்ஷில் போய் உட்காரும். கட்டைவிரல் நுனி அளவுதான் அது. மோட்டாரை மாற்றுகிறவர்கள் இதைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். புஷ் தேய்ந்தால் ஷாஃப்ட் சாயும், உள்ளே சுழலும் ஆர்மேச்சர் உரசும், மோட்டார் கரண்டைக் குடிக்கும். சூடேறினால் இன்னும் மோசம். ஷாஃப்ட்டில் இருக்கும் சின்னப் பல்சக்கரமான பினியனும் கோணலாகப் போய், இன்ஜினைச் சுற்றவைக்கும் ரிங் கியரின் பல்லைத் தின்னும். இப்படி எத்தனை நல்ல மோட்டார்களைக் கழற்றி எறிந்திருப்பார்களோ, நினைத்தால் வயிறு எரிகிறது.

முன் சீட்டுக்கு அடியில் இருக்கும் பேட்டரியில் எர்த்தைக் கழற்றிவிட்டுக் கீழே படுத்தேன். மோட்டாரை இறக்கி, துளைக்குள் டார்ச் அடித்தால், வட்டமாக இருக்க வேண்டிய புஷ் ஒரு பக்கம் தேய்ந்து முட்டை வடிவத்தில் இருந்தது! வெளியே எடுப்பதுதான் பாடு. ஹவுசிங் லேசான உலோகம், உளி வைத்தால் கீறிவிடும். நம் பழைய பட்டறை வழிதான் கைகொடுத்தது: புஷ்ஷுக்குள் மரை வெட்டும் டேப்பை விட்டுத் திருகி, டேப்பையே பிடித்து அசைத்து அசைத்து இழுத்தேன், முழுசாக வந்தது. புதுசை முந்தின ராத்திரியே இன்ஜின் ஆயிலில் ஊறப்போட்டிருந்தேன். அது நுண்துளை உள்ள வெண்கலம், எண்ணெயைக் குடித்து வைத்துக்கொள்ளும். அளவான போல்ட்டில் மாட்டி, நேராகப் பார்த்து மெதுவாகத் தட்டி இறக்கினேன். மோட்டார் அதே மோட்டார்தான். இப்போது எவ்வளவு சூட்டிலும் சடக்கென்று எடுக்கிறது.

மோட்டார் கைக்கு வந்ததும் பிரஷ்ஷைப் பார்க்கும் முன்னால் ஷாஃப்ட்டைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பாயே, அந்தப் பழக்கம் உன் கடைப் பையன்களுக்கும் வந்திருக்கிறதா? அப்புறம், ஓம்னி செல்ஃபுக்கு புஷ் ரெடிமேடாகக் கிடைக்கிறதா, இன்னும் லேத்தில்தான் கடைகிறீர்களா? எழுது. வீட்டில் தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மூர்த்தி