பெயின்ட் அடித்தால் எஞ்சின் ஓடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத்துச் சந்தி ஒன்றில் பழைய ரோட் ரோலரை மஞ்சளும் சிவப்புமாக அலங்கரித்து நிறுத்தியிருக்கும் படத்தைத் தங்கள் ஞாயிறு இதழில் பார்த்தேன். 'புதுப்பிக்கப்பட்டது' என்று கீழே குறிப்பு வேறு. சில்லுகளைச் சீமெந்துக்குள் புதைத்திருக்கிறார்கள். சைலன்சர் குழாய் வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. அதற்குள் இறங்கும் மழைநீர், திறந்து கிடக்கும் வால்வு வழியாகச் சிலிண்டருக்குள் போய்விடும். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்து மழையைப் பற்றி உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பெயின்ட் தீர்ந்த தகர டப்பாவையாவது அந்தக் குழாயின்மேல் கவிழ்த்திருக்கலாம்.

நான் கொத்மலை அணை வேலையில் உதவியாளாகச் சேர்ந்து, பின்னர் கராஜ் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவன். 1979இல் தொடங்கி 1985இல் நிறைவேறிய அந்த அணையின் உயரம் 87 மீற்றர். விக்டோரியா அணை கொங்கிரீட் வளைவு. கொத்மலையோ கல்லை நிரப்பி, நீர்ப்பக்கத்துக்கு மட்டும் கொங்கிரீட் போர்த்தியது. ஆகவே பாரமெல்லாம் இயந்திரங்களின் தலையில்தான். வெடிவைத்துப் பெயர்த்த கல்லை டம்பர் கொட்டிவிட்டுப் போகும், டோசர் அதைப் பரப்பும், அதன்மேல் அதிர்வு ரோலர் போய்ப்போய் வரும். ஒரு படை இறுகிய பிறகுதான் அடுத்த படை. கவ்வாத்துக் கத்தியைத் தவிர வேறொன்றும் பிடித்தறியாத லயத்துப் பையன்கள் சிலர் அங்கேதான் முதன்முதலாக லீவரைப் பிடித்தார்கள். டோசர் செயினின் சத்தத்தைக் கேட்டே உள்ளே இருப்பவன் யார் என்று சொல்லிவிடுவோம். கியரைப் போட்டு இழுப்பதில் ஆளுக்கு ஆள் ஒரு குணம்!

அதற்கும் முன்னால், வீதிக்குத் தார் போட வந்த ஏவ்லிங் பார்ஃபோர்ட் ரோலர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அவற்றின் முகப்பில், பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் ஒரு குதிரை இருக்கும். அது இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்துச் சின்னம். ஏவ்லிங் அன்ட் போர்ட்டர் கம்பனி நீராவி ரோலர்களைச் செய்தது அங்கேதான். 1934இல் அது இன்னொரு கம்பனியோடு சேர்ந்து ஏவ்லிங் பார்ஃபோர்ட் என்று பெயர் மாறிய பிறகும் குதிரை தொடர்ந்து வந்தது. படத்திலுள்ள ரோலரில் அந்தக் குதிரைக்குக் கண் எங்கே, பிடரி எங்கே என்று தெரியவில்லை. அவ்வளவு பெயின்ட்.

புதுப்பிப்பது என்றால் முதலில் எஞ்சின் சுற்ற வேண்டும். இறுகிப்போன எஞ்சினுக்கு அவசரம் ஆகாது. சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றி, மண்ணெண்ணெயும் எஞ்சின் ஒயிலும் கலந்து சிலிண்டர்களுக்குள் ஊற்றி ஊற விட வேண்டும். பிறகு எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலைக் கம்பியால் நெம்பி, விரல் அகலம் முன்னே, விரல் அகலம் பின்னே என்று அசைத்துப் பார்க்க வேண்டும். சம்மட்டியை எடுப்பவனைக் கிட்டவே விடக்கூடாது. இன்ஜெக்டருக்கு அடியிலுள்ள செப்பு வாஷர் நசுங்கி இறுகியிருக்கும். அதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகிவிடும். உருக்குக்கு இப்படிச் செய்தால் கடினமாகும், செம்புக்கு நேர்மாறு. இதைப் புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள், செய்துகாட்டிய பிறகு வாஷரை நகத்தால் அழுத்திப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கடைசியாக டீசல் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றிவிட்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். முதலில் கக்கும் கரும்புகையைக் கண்டு பயந்து நிறுத்திவிடக் கூடாது.

இதெல்லாம் நடக்காத காரியமும் அல்ல. நமது ரயில்வே பழைய கரிக்கோச்சியைப் பழுதுபார்த்து 'வைசிராய் ஸ்பெஷல்' என்று ஓட்டியிருக்கிறது. கண்டி வீதியில் கிரிபத்கும்புரையிலுள்ள பெருந்தெருக்கள் நூதனசாலையில் பழைய ரோலர்களைப் பிள்ளைகள் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மலைநாட்டு முற்றங்களில் புல்லுக்குள் கிடப்பவை என்னவோ கிலோக் கணக்கில் பழைய இரும்புக் கடைக்குத்தான் போய்க்கொண்டிருக்கின்றன. ஏலத்தில் விடுகிறவர்கள் அவற்றில் ஒன்றையாவது ஒரு தொழிற்பயிற்சி நிலையத்துக்குக் கொடுக்கட்டும். ஓடும் நிலைக்குக் கொண்டுவந்த பிறகு எந்த நிறத்தை வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளட்டும்.

கொடுக்க முன்வருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் கால ஆங்கிலேய இயந்திரங்களின் நட்டுகள் விட்வொர்த் என்ற பழைய அங்குல அளவு. இப்போது கடையில் கிடைக்கும் மில்லிமீற்றர் சாவியை மாட்டித் திருகினால் மூலை மழுங்கி, பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். என்னிடம் விட்வொர்த் சாவிகள் முழுத் தொகுதியாக இருக்கின்றன. இரவலாகத் தருகிறேன், கூடவே நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர்,
கொட்டகலை.