மழை பெய்யாத நாள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து 26 நாள் ஆகிறது. முதுகுவலி குறைந்து நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும்தான் நிம்மதி. எனக்கு இடது கண்ணில் புரை. அறுவை சிகிச்சை முடிந்து இப்போது எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. என்ன பிரயோஜனம், எதிரில் இருப்பதெல்லாம் வழக்குக் கட்டுதான்.

உன் மகள் சட்டம் படித்து முடித்துவிட்டாளா! நம் தோளில் ஏறி உட்கார்ந்த குழந்தை. கட்டட வழக்குகள் பக்கம் போகலாமா என்று அவள் கேட்டதாகவும், "அதில் என்ன இருக்கிறது, செங்கல்லும் சிமென்ட்டும்தானே" என்று நீ சொன்னதாகவும் எழுதியிருக்கிறாய். 31 வருஷமாக அந்தச் செங்கல்லிலேயே கிடப்பவனிடம் இதைத் தைரியமாக எழுதுகிறாயே. சரி, கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

நான் ஆசைப்பட்டு இதற்குள் வரவில்லை, உனக்கே தெரியும். கொலை வழக்கில் மேசையைத் தட்டிப் பேச வேண்டும் என்றுதான் கறுப்புக் கோட்டு வாங்கினேன். சீனியர் அலுவலகத்தின் மூலையில் யாரும் தொடாத 14 பெட்டிகள் இருந்தன. ஏதோ பாலம் கட்டிய கணக்கு. புதிதாக வந்தவன் தலையில் அதைக் கட்டினார்கள். முதல் மாதம் எதுவும் புரியவில்லை. இரண்டாவது மாதம் ஒரு கடிதத்தைப் படித்தேன்: "நீங்கள் வரைபடம் தராததால் 12 ஆட்கள் இன்றும் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்." அதை எழுதியவன் எவ்வளவு கோபத்தில் பேனாவை அழுத்தியிருந்தான் என்றால், பின்பக்கம் தடவினால் விரலில் தட்டுப்பட்டது. அன்றைக்கு மாட்டிக்கொண்டவன்தான்.

வெளியே இருப்பவர்கள் நினைப்பதுபோல இந்த வழக்குகள் விரிசலையும் ஒழுகலையும் பற்றியவை மட்டும் அல்ல. பாதிக்கு மேல் நாட்களைப் பற்றிய சண்டை. வேலை ஆறு மாதம் தாமதம், சரி. அதில் யாருடைய நாள் எத்தனை? உரிமையாளர் வரைபடத்தை மூன்று வாரம் தாமதமாகக் கொடுத்தார் என்று வை. காண்டிராக்டர் அதைக் காட்டி, "என் தாமதத்துக்கு நீதான் காரணம்" என்கிறார். ஆனால் அதே மூன்று வாரத்தில் அவருக்கு வர வேண்டிய கம்பியும் வரவில்லை. வரைபடம் நேரத்துக்கு வந்திருந்தாலும் எதை வைத்துக் கட்டியிருப்பார்? இந்த ஒரு கேள்விக்கு இரண்டு தரப்பும் நிபுணர்களை அமர்த்தும். எந்த வேலை எந்த நாளில் நடந்தது என்று கோடு போட்டுக் காட்டும் அட்டவணையை அவர்கள் ஆளுக்கொன்றாகச் சுவர் நீளத்துக்கு விரிப்பார்கள். இரண்டும் ஒரே கட்டடத்தைப் பற்றியவை என்று சத்தியம் செய்தால்தான் நம்ப முடியும்.

அப்புறம் நோட்டீஸ். சர்வதேச ஒப்பந்தங்களில் ஃபிடிக் என்று ஒரு மாதிரிப் படிவம் உண்டு, உலகெங்கும் புழங்குவது. அதன் 1999 பதிப்பில் ஒரு விதி: கூடுதல் நாளோ பணமோ வேண்டுமானால், அதற்கான சங்கதி தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 28 நாளுக்குள் காண்டிராக்டர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தவறினால் உரிமையே போய்விடும். 2017 பதிப்பில் உரிமையாளருக்கும் அதே கெடு வைத்துவிட்டார்கள். நியாயம் தன் பக்கம் இருந்தும் 29-ஆவது நாள் கடிதம் போட்டவர்களை எதிரில் உட்கார வைத்து, "ஏன் எழுதவில்லை?" என்று கேட்டிருக்கிறேன். எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: "நல்லாப் போயிட்டிருந்துச்சு சார், எதுக்குக் கடுதாசி போட்டு உறவைக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்." (உன் கடிதத்துக்கு நான் 26-ஆவது நாள் பதில் போடுகிறேன். கவனித்துக்கொள்.)

இப்போது என் கதை. உனக்கு இதுவரை சொன்னதில்லை, சொல்ல வெட்கமாக இருந்தது. ஆறு மாடிக் கட்டடம் ஒன்று. நான் காண்டிராக்டர் தரப்பு. மழையால் 11 நாள் வேலை நின்றது, அதற்குக் கால நீட்டிப்பு வேண்டும் என்று கேட்டிருந்தோம். வானிலைப் பதிவு இருந்தது, நோட்டீஸும் நேரத்துக்குப் போயிருந்தது. சைட் இன்ஜினியர் சாட்சி சொன்னார். நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாத முகம். குறுக்கு விசாரணைக்கு எழுந்த எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை. கட்டட இடத்தில் அன்றன்று நடந்ததை எழுதி வைக்கும் சைட் டைரி ஒன்றை நீட்டி, "இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் படியுங்களேன்" என்றார்.

அந்த டைரியை இப்போதும் கண்முன் பார்க்கிறேன். அட்டை பிய்ந்து, ஓரமெல்லாம் சிமென்ட் படிந்த விரல்தடம். இன்ஜினியர் படித்தார்: "காலை தூறல். 10 மணிக்கு விட்டது. நான்காம் தளம் கான்கிரீட், 38 கன மீட்டர். ஆட்கள் 22." அவர் கையெழுத்துதான். நாங்கள் மழை என்று எழுதிக் கொடுத்த 11 நாட்களில் அது ஏழாவது நாள்.

படித்து முடித்துவிட்டு அவர் வக்கீலைப் பார்க்கவில்லை, நடுவர்களையும் (நீதிபதிக்குப் பதிலாக வழக்கைக் கேட்டுத் தீர்ப்பவர்கள்) பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. "நீங்க படிச்சிருப்பீங்கன்னு நினைச்சேனே" என்பதுபோல இருந்தது. மொத்தம் ஐந்து டைரி இருந்தன. நான் நான்கைத்தான் முழுசாகப் படித்திருந்தேன். ஐந்தாவதை, முந்தின நாள் இரவு தூக்கம் கண்ணைச் சுழற்ற, புரட்டிவிட்டு மூடினேன். போனது ஒரே ஒரு நாள்தான். ஆனால் நடுவர்கள் மற்ற பத்து நாளையும் சந்தேகத்தோடு பார்த்தார்கள். கடைசியில் கிடைத்தது நான்கு நாள்.

அதிலிருந்து புது வழக்கு எது வந்தாலும் மனுவைத் தொடுவதற்கு முன் டைரிதான். அதுவும் கடைசிப் புத்தகத்திலிருந்து.

நீ கேட்ட இன்னொன்று: "இதில் சட்டம் என்று ஏதாவது இருக்கிறதா, இல்லை வெறும் கணக்கா?" இருக்கிறது, அழகாகவே இருக்கிறது. இங்கிலாந்தில் ஒருவர் வீட்டில் நீச்சல்குளம் கட்டினார்கள். ஆழம் ஏழரை அடி என்று பேச்சு. கட்டி முடித்து அளந்தால் அதிகபட்சமே ஆறே முக்கால் அடி. குதிப்பதற்கு அதுவே போதும், குளத்தின் மதிப்பும் குறையவில்லை. இடித்துக் கட்ட 21,560 பவுண்டு ஆகும், அதைக் கொடு என்றார் வீட்டுக்காரர். 1995-இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய், 2,500 பவுண்டு மட்டும் என்று முடிந்தது. எனக்கு இன்றுவரை வீட்டுக்காரர் மேல்தான் பரிதாபம். கேட்டதைக் கட்டிக் கொடு என்பது அவ்வளவு பெரிய ஆசையா? ஆனால் நீதிபதியாக இருந்தால் நானும் அதையேதான் தீர்ப்பாக எழுதியிருப்பேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன். உன் மகளிடம் இதைச் சொல்லி எந்தப் பக்கம் நிற்பாள் என்று கேட்டுப் பார்.

பொதுவான வணிக வழக்குகளும் பார்க்கிறேன். பங்குதாரர் சண்டை, சரக்குத் தகராறு, ஒரு தரப்புக்காக மறுதரப்புக்குப் பணம் தருவதாக வங்கி எழுதிக் கொடுக்கும் வங்கி உத்தரவாதம். கடைசியாகச் சொன்னது மட்டும் தூக்கத்தைக் கெடுக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் வரும், எதிர்த்தரப்பு திங்களன்று உத்தரவாதத்தைப் பணமாக்கப் போகிறது, எப்படியாவது தடுங்கள் என்று. மோசடி இருந்தாலொழிய அநேகமாகத் தடுக்க முடியாது. கேட்டவுடன் பணம் தருவதற்காகத்தானே அந்தக் காகிதமே இருக்கிறது. அதைக் கட்சிக்காரருக்குப் புரிய வைப்பதற்குள் திங்கள் வந்துவிடும்.

உன் மகள் விஷயத்துக்கு வருகிறேன். பேச்சுத் திறமை இருக்கிறதா என்று நீ கவலைப்பட வேண்டாம். பொறுமையாகப் படிப்பாளா? தெரியாததை மேஸ்திரியிடம் போய், "இது என்னங்க?" என்று வெட்கப்படாமல் கேட்பாளா? என் முதல் பத்து வருஷத்தில் எனக்குப் பாடம் நடத்தியவர்களில் பாதிப் பேர் கம்பி கட்டுபவர்கள். வருமானம் மெதுவாகத்தான் வரும். வழக்குகள் வருஷக் கணக்கில் இழுக்கும். கட்டி முடித்த கட்டடத்தில் மனிதர்கள் குடியேறி, பிள்ளை பெற்று, வெள்ளையும் அடித்துவிடுவார்கள், நாங்கள் அதன் அஸ்திவாரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். இதெல்லாம் தெரிந்தே வந்தால் வரட்டும்.

அடுத்த மாதம் எனக்கு ஒரு விசாரணை இருக்கிறது. அதற்கு முந்தின நாள் நடுவர்களோடு அந்தக் கட்டடத்தைப் பார்க்கப் போகிறோம். அவளும் கூட வரட்டும், எதிர்த்தரப்பிடம் சொல்லி வைக்கிறேன். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொண்டு வரச் சொல். படிக்கட்டில் சுவர் ஓரமாக ஏற வேண்டும். கைப்பிடி இன்னும் வைக்கவில்லை, அதை யார் வைக்க வேண்டும் என்பதுதான் வழக்கே.

உன்
பழைய அறைத் தோழன்