தொலைந்த நாய் வீடு திரும்ப ஒரே பதிவேடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளி வெடிச் சத்தத்துக்கு மிரண்டு சேலம் அஸ்தம்பட்டியில் ஓடிப்போன நாய் கன்னங்குறிச்சியில் யார் வீட்டு வாசலிலோ படுத்துக் கிடக்கும், ஏற்காட்டுக்குச் சுற்றுலா வந்தவர்களின் நாய் தொலைந்தால் அவர்கள் ஊருக்குக் கிளம்பிப் போன பிறகுதான் யார் கண்ணிலாவது படும். சரி, காப்பகத்தில் சேர்த்தாயிற்று, அது யாருடையது என்று எப்படித் தெரியும்?

கழுத்துப் பட்டை கழன்றுவிடும். தோலுக்கடியில் போடும் அரிசி அளவு மைக்ரோசிப் அப்படிச் சுலபமாகப் போகாது. ஆனால் அதில் இருப்பது 15 இலக்க எண் மட்டும்தான். போன் நம்பரும் இல்லை, ஜிபிஎஸ்ஸும் இல்லை. ஸ்கேனர் காட்டும் எண்ணைப் பதிவேட்டில் தேடினால்தான் வளர்த்தவர் கிடைப்பார். அந்தப் பதிவேடு ஊருக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று என்று சிதறிக் கிடந்தால் காப்பகத்தில் இருப்பவர்கள் எங்கே போய்த் தேடுவார்கள், பாவம்! அமெரிக்காவில் ஒரே இடத்தில் எண்ணைப் போட்டால் அது எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று காட்டும் வசதி இருக்கிறது.

சேலம் மாநகராட்சி, ஏற்காடு, கால்நடை மருத்துவமனைகள், காப்பகங்கள் எல்லாம் ஒரே பதிவேட்டைப் பார்க்க கால்நடை பராமரிப்புத் துறை வழி செய்ய வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி போடும்போதே பதிவையும் முடித்துவிடலாம். அப்புறம், நாய் வளர்ப்பவர்களே, போன் நம்பர் மாறினால் பதிவேட்டிலும் மறக்காமல் மாற்றுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சேலம்