உபதேசியார் நிதிக்கு ஒரு வேண்டுகோள்

இயேசுவில் அன்பான ஊர் மக்களுக்கும், பிழைப்புக்காகச் சென்னை, வளைகுடா என்று போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் பங்கின் மறைக்கல்விக் குழு எழுதுவது. பிள்ளைகளுக்குச் செபமும் மறைக்கல்வியும் சொல்லிக்கொடுக்கும் நம் உபதேசியாருக்காகவும் ஆசிரியர்களுக்காகவும் இந்த வேண்டுகோள்.

1542இல் தூத்துக்குடியைச் சுற்றிய இந்த முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், மணியடித்துத் தெருப்பிள்ளைகளைக் கூட்டித் தமிழில் செபம் சொல்லிக்கொடுத்தார். எந்த ஊரிலும் அவரால் நிலையாகத் தங்க முடியவில்லை. ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளைகளை, அதாவது அந்நாளைய உபதேசியார்களை, வைத்துவிட்டுப் போனார். மந்திரம் படிப்பிப்பதும், குரு வரும்வரை காத்திருக்க முடியாத பச்சைக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும் அவர்கள் பொறுப்பு. அவர்களுக்குச் சம்பளம்? போர்ச்சுகல் அரசியின் காலணிச் செலவுக்கென்று இந்தக் கரையிலிருந்து ஆண்டுதோறும் போன 4000 பணத்தை (பணம் என்பது அக்கால நாணயம்) அரசியிடமே கேட்டு வாங்கினார் சவேரியார். அது நம் முன்னோர் மூச்சடக்கிச் சம்பாதித்த காசு.

1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியபோதும் இந்தக் கரையின் நம் பரதவர்கள்தான் பணம் கொடுத்தார்கள். பதினாறே பக்கம், ஆனால் தமிழ் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல். அதுவும் செபம் படிப்பிக்கத்தான். 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்து நம் குருக்களை வெளியேற்றினார்கள். தங்கள் சபைக்கு மாறச் சொன்னார்கள். நம் ஜனம் மாறவில்லை. குரு எட்டாத நாட்களில் விசுவாசத்தைக் கைவிடாமல் காத்ததில் உபதேசியார்களுக்கும் கோவில் வேலைகளைப் பார்த்த கோவில்பிள்ளைகளுக்கும் பெரும்பங்கு உண்டு என்பதே எங்கள் உறுதியான எண்ணம்.

இன்று அந்தப் பொறுப்பு நம் மறைக்கல்வி ஆசிரியர்களிடம் இருக்கிறது. பாதிக்கு மேல் பெண்கள். வாரமெல்லாம் வீட்டையும் வேலையையும் பார்த்துவிட்டு, ஞாயிறு பூசை முடிந்ததும் பிள்ளைகளோடு உட்காருகிறார்கள். சாக்பீஸும் படங்களும் அவர்கள் கைக்காசு. பயிற்சிக்குப் போனால் பஸ் கட்டணமும் அவர்களுடையதே. வயதான நம் உபதேசியாருக்கு மருந்துச் செலவுக்குக்கூட நிலையான வழியில்லை. இதைச் சொல்ல எங்களுக்கே கூச்சமாக இருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்குப் புதுநன்மைக்கு முன் பத்துக் கட்டளையை மனப்பாடம் செய்வித்தவர் அவர்!

உபதேசியாருக்கு மாதப்படி, ஆசிரியர்களுக்குப் பயிற்சிச் செலவு, பிள்ளைகளுக்குப் புத்தகம். இந்த மூன்றுக்குமே நிதி திரட்டுகிறோம். தொகை இவ்வளவு என்று நாங்கள் வைக்கவில்லை. கடலுக்குப் போகிறவர்கள் ஒரு நாள் மீன்பாட்டில் ஒரு கூறு தரலாம். மாதச் சம்பளக்காரர்கள் ஒரு நாள் சம்பளம் தரலாம். முடியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை டியூஷன் வைக்காமல் பிள்ளையை மறைக்கல்விக்கு அனுப்புங்கள், அதுவும் காணிக்கைதான்.

டிசம்பர் 3, சவேரியார் திருநாளுக்குள் பங்கு அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவு முழுவதும் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு பூசை முடிவில் வாசிக்கப்படும்.