மாடி அறைக்கு ஒரு நன்றி மடல்

மலேசியா, தெலுக் இந்தான் பெரியவர்களுக்கும், அண்ணன் தம்பிமாருக்கும், அக்காமாருக்கும் வணக்கம்.

பெயர் போட்டு எழுதிவிடக் கூடாது என்று நீங்கள் எல்லாரும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டபடியால் இம்மடலில் யாருடைய பெயரும் வராது. கோப்பிக்கடை முதலாளி, தோட்டத்தில் கணக்கு எழுதிய கிராணி ஐயா, ஆச்சி, உறுமித் தம்பி, சீன வாத்தியார், கடிகாரக்காரர் என்று எழுதினால் ஊருக்குள் யார் யார் என்று தெரியாமல் போகப்போவதில்லை. ஊருக்கு வெளியே தெரியவேண்டிய தேவையும் இல்லை.

14 மாதங்களுக்கு முன் கிள்ளானிலிருந்து இங்குள்ள செம்பனை (பாமாயில்) ஆலையின் ஆய்வுக்கூடத்துக்கு மாற்றலாகி வந்தபோது, என் பெட்டியில் துணிமணிகளுக்கு நடுவே ஏழு மவுத் ஆர்கன்கள் இருந்தன. ப்ளூஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையை வாசிக்கிறவர்கள் வைத்திருக்கும் பத்துத் துளைக் கருவி ஒவ்வொன்றும் ஒரு சுருதிக்கென்றே செய்யப்பட்டது. பாடுகிறவர் சுருதியை மாற்றினால் நாம் கருவியையே மாற்ற வேண்டியிருக்கும். ஆகவே ஏழு என்பது ஆடம்பரக் கணக்கு அன்று. கிள்ளானில் இருந்தவரை வாரம் ஒருமுறை பெட்டாலிங் ஜெயாவுக்குப் போய் நண்பர்கள் நால்வரோடு சேர்ந்து வாசித்துவந்தேன். இங்கு வந்த முதல் மாதத்தில், இரவு வேலை முடித்துக் குடியிருப்புக்குத் திரும்பி, விடியற்காலையில் போர்வைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு மெல்ல ஊதியதற்கே புகார் போய்விட்டது. புகார் சொன்னவரை நான் குறை கூற மாட்டேன். இரண்டாம் துளையில் மூச்சை இழுத்துச் சுரத்தை வளைக்கப் பழகுகிற ஒருத்தியின் பக்கத்து வீட்டில் குடியிருக்க எனக்கும் விருப்பம் இராது.

பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். எண்ணெயின் தரத்தைக் கெடுக்கும் கட்டற்ற கொழுப்பமிலம் அதில் 5 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று பார்ப்பது, தூங்குவது, மறுபடியும் போய்ப் பார்ப்பது என்று நாள்கள் நகர்ந்துகொண்டிருந்தன.

கோப்பிக்கடை அண்ணே, உங்களுக்குத்தான் முதல் நன்றி. ஒரு நாள் காலையில் உங்கள் கடையில் தோசைக்குக் காசு எடுக்கப் பையைத் துழாவியபோது, அடியில் மறந்துகிடந்த ஒரு மவுத் ஆர்கன் மேசைமேல் விழுந்தது. “தங்கச்சி, இது பேசுமா, சும்மா வச்சிருக்கியா?” என்று கேட்டீர்கள். பேசும், ஆனால் பேசவைக்க இடந்தான் இல்லை என்றேன். மறுநாளே மாடிச் சரக்கறையின் சாவியைத் தே தாரிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். வாடகை என்ற பேச்சையே எடுக்கவில்லை. அந்த அறையின் சிறப்பு உங்களுக்கே தெரியுமோ என்னவோ: மூன்று பக்கமும் அடுக்கியிருக்கும் அரிசி மூட்டைகள் எதிரொலியை அப்படியே குடித்துவிடுவதால், ஊதுகிறவளுக்குத் தன் பிழை ஒன்றுவிடாமல் கேட்கும். பெட்டாலிங் ஜெயாவில் நாங்கள் காசு கொடுத்து எடுத்த அறையில்கூட அது கிடைக்கவில்லை.

இரண்டாவது வாரம் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அடுத்த புகார் என்று நினைத்து வாயிலிருந்து கருவியை எடுத்துவிட்டேன். வந்தவர் கிராணி ஐயா. கைக்குட்டையில் சுற்றிய தம் மவுத் ஆர்கனோடு வந்திருந்தார். ஊரின் பெயர் 1982இல் தெலுக் இந்தான் என்று மாறிவிட்ட பிறகும் தெலுக் ஆன்சன் என்றே சொல்லிவரும் அவர், அதை ‘ஆன்சனில்’ இளவயதில் வாங்கியதாகச் சொன்னார். அது டிரெமோலோ வகை. ஒரு சுரத்துக்கு இரண்டு ரீடுகள் (அதிர்ந்து ஒலிக்கும் உலோக நாக்குகள்) மயிரிழை வேறுபாட்டில் சுருதி சேர்க்கப்பட்டிருப்பதால், அதில் எழும் ஒலி தண்ணீரில் விழுந்த விளக்கொளிபோல் நடுங்கும். பழைய பாட்டுகளுக்கு அதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. சுரத்தை வளைப்பதற்குத்தான் அது இடம் கொடுக்காது. என் கருவி எப்படி வளைகிறது என்று ஐயா கேட்டார். ஒரே துளைக்குள் ஊதும்போது பேசும் ரீடு ஒன்றும் இழுக்கும்போது பேசும் ரீடு ஒன்றும் இருக்கின்றன என்றும், மூச்சை இழுத்துக்கொண்டே நாக்கைப் பின்வாங்கி வாய்க்குள் இடத்தைப் பெருக்கினால் உயர்ந்த ரீடின் ஒலி தாழ்ந்ததை நோக்கி இறங்கும் என்றும், சி சுருதிக் கருவியின் மூன்றாம் துளையில் அப்படி மூன்று அரைச்சுரம்வரை இறங்கலாம் என்றும் விளக்கி, வாசித்தும் காட்டினேன். வேண்டிய இடத்தில் நிற்காமல் சுரம் இன்னும் கீழே சரிந்துவிட்டது. ஐயா சன்னல் பக்கம் கையைக் காட்டினார். “நம்ம கோபுரத்தைப் பாரும்மா. சாயணும், விழுந்துடக் கூடாது.” 1885இல் கட்டி, தேக்கிவைத்த தண்ணீரின் பாரத்தாலும் இளகிய மண்ணாலும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அந்தச் சாய்விலேயே இன்றுவரை மணி காட்டிக்கொண்டிருக்கும் கோபுரத்தை அதற்குமுன் நான் அப்படிப் பார்த்ததில்லை. இப்போது எங்கள் மாடியில் யாரும் சுரத்தை வளை என்று சொல்வதில்லை. ‘கோபுரம் போடு’ என்றுதான் சொல்கிறார்கள்.

ஐயாவுக்கு இன்னொன்றுக்காகவும் நான் நன்றி சொல்ல வேண்டும். இந்த ப்ளூஸ் பாட்டுக்காரர்கள் என்ன வேலை பார்த்தவர்கள் என்று ஒருநாள் கேட்டார். மடி வாட்டர்ஸைப் பற்றிச் சொன்னேன்: மிசிசிப்பி மாநிலத்தில் ஸ்டோவல் என்ற பருத்தித் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர், சிறுவயதில் மவுத் ஆர்கன் ஊதிப் பிறகு கிட்டாருக்குப் போனவர், 1941இல் நாட்டுப்புறப் பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் ஒலிப்பதிவுக் கருவியோடு அந்தத் தோட்டத்துக்கே வந்து அவர் பாட்டைப் பதிவு செய்தார், 1943இல் அவர் சிகாகோவுக்குப் போய்விட்டார். ஐயாவின் அக்கறை பாட்டில் இல்லை. சம்பளம் எப்படி, செக்ரோல் என்னும் சம்பளப் பதிவேடு உண்டா, கடைக்கடனை எதில் பிடித்தார்கள் என்று வரிசையாகக் கேட்டார். அங்குள்ள பலர் கூலிக்கு அல்லாமல் விளைச்சலில் பங்குக்கு உழைத்தார்கள் என்றும், விதைக்கும் சாப்பாட்டுக்கும் வாங்கிய கடனை ஆண்டு முடிவில் துரை கழித்துக்கொண்டபின் பலருக்குக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை என்றும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்தக் கணக்கை எழுதுன கிராணி ஒருத்தன் அங்கேயும் இருந்திருப்பான்” என்றார். பிறகு கைக்குட்டையைப் பிரித்து வாசிக்கத் தொடங்கினார். ப்ளூஸைப் பற்றி நான் எத்தனையோ படித்திருக்கிறேன், ஆனால் கணக்கு எழுதியவன் பக்கத்திலிருந்து ஒருவர் அதைக் கேட்டு நான் கண்டது அன்றுதான்.

ஆச்சிக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சொன்னாலும் திட்டத்தான் செய்வார். கோப்பிக்கடை அண்ணனின் தாயார், காலமெல்லாம் பால்மரம் (ரப்பர்) சீவியவர். ப்ளூஸில் முதல் அடியைப் பாடி, அதையே திரும்பப் பாடி, மூன்றாவது அடியில் முடிப்பார்கள் என்று நான் கிராணி ஐயாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டு, “இதென்ன அதிசயம், ஒப்பாரியிலகூடச் சொன்னதையே சொல்லித்தான் அழுவோம்” என்றார். ஒன்று பாடிக் காட்டுங்கள் என்றதும் முகம் மாறிவிட்டது. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது என்பது எனக்கும் தெரிந்ததே. ஆசையில் வாய் தவறிவிட்டது. அதற்குப் பதிலாக, இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்புக்கு, போகும் வழியில் தம் தாயார் பாடிய பாட்டு ஒன்றைப் பாடினார். நானும் கூடவே ஊதினேன். இரண்டாம் அடியில் பாட்டை நிறுத்திவிட்டார்.

“நான் பேசறப்ப நீ ஏன்டி குறுக்க பேசற? நான் மூச்சு வாங்குற எடத்துல நீ பேசு. நீ மூச்சு வாங்குறப்ப நான் பேசறேன்.”

ப்ளூஸ் சுற்று ஒன்றுக்குப் பன்னிரண்டு பார்கள், அதாவது நான்கு தட்டு கொண்ட தாளக் கட்டங்கள். ஓர் அடிக்கு நான்கு. அவற்றில் முன்பாதி குரலுக்கு, பின்பாதி கருவியின் மறுமொழிக்கு. இந்தக் கணக்கை எட்டு ஆண்டுகளாகத் தாளில் வைத்திருந்தேன். குரலுக்குப் பின்னால் விடாமல் ஊதிக்கொண்டே இருப்பதைப் பெட்டாலிங் ஜெயாவில் யாரும் தவறென்று சொன்னதில்லை; சொல்லக் கூச்சப்பட்டிருப்பார்கள். ஆச்சிக்குக் கூச்சம் என்பது கிடையாது. அன்று மாலை அதே பாட்டை ஆறேழு தடவை பாடவைத்தேன். கடைசித் தடவை அவர் பாடி நிறுத்திய இடத்தில் நான் நான்காம் துளையை இழுத்துக் கொஞ்சமாகச் சாய்த்து விட்டபோது, அடுத்த அடியை எடுக்காமல் அந்தச் சுரம் அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு வெற்றிலையை மடித்துக்கொண்டே, “இப்பதான் ஆள் மாதிரி பேசற” என்றார்.

உறுமித் தம்பிக்கு நான் தாளம் சொல்லிக்கொடுக்கப் போய், அவரிடம் கற்றுக்கொண்டு திரும்பினேன். ஓர் அடியை மூன்றாகப் பிரித்து, நடுவில் உள்ளதை விழுங்கிவிடும் ஷஃபிள் நடையை நான் கைதட்டி விளக்கிக்கொண்டிருந்தபோது, “திஸ்ரம்தானேக்கா, கோயில்ல தினம் அடிக்கிறது” என்று கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் உறுமலும் சுரம் வளைவதுதான். அது அடியில் ஓட, மேலே மவுத் ஆர்கன் சாய்ந்துகொண்டு போவது எவ்வளவு பொருத்தம் என்பதைக் கேட்டவர்கள்தான் சொல்ல வேண்டும்.

சீன வாத்தியாரை ஊரே அழைப்பதுபோல் நாங்களும் சிக்கு (மலாயில் ஆசிரியர்) என்றே அழைக்கிறோம். பள்ளி நாள்களில் ஹார்மோனிகா குழுவில் வாசித்தவர். கிராணி ஐயா சொல்லியனுப்பியதும், 48 கோர்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டங்கள்) கொண்ட, குழந்தையைப்போல் இரு கையாலும் ஏந்த வேண்டிய நீண்ட கருவியோடு வந்து சேர்ந்தார். சி சுருதிக் கருவியை வைத்துக்கொண்டு ஜி சுருதியில் வாசிப்பதுதான் ப்ளூஸ்காரர்களின் வழக்கம் என்பதால், அவரிடம் எனக்கு வேண்டியவை ஜி, சி, டி என்னும் மூன்றே கோர்டுகள். 48 இருக்க மூன்றுதானா என்று மலாயில் கேட்டுச் சிரித்தார். சற்று நேரம் கழித்து, பன்னிரண்டு பாருக்கு நான்கு நான்காக எண்ணினால் 48 தட்டு வருகிறது, ஆகவே கணக்கு சரியாகிவிட்டது என்று அவரே தீர்ப்பும் சொன்னார். கணக்கு வாத்தியார் கணக்கு வாத்தியார்தான்.

கடிகாரக்காரரே, நீங்கள் மாடிக்கு வந்ததே இல்லை. ஆனால் நீங்கள் இல்லாவிட்டால் மாடி ஊமையாகியிருக்கும். என் சி சுருதி ஹோனர் மரீன் பாண்டில் நான்காம் துளையின் இழுப்பு ரீடு சுருதி இறங்கிப்போனபோது, மற்றவர்கள் புதிதாக வாங்கச் சொன்னார்கள். நீங்கள் மட்டும் கொண்டுவா பார்க்கலாம் என்றீர்கள். மெல்லிய கத்தியால் மேல்தகட்டின் ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்துக் கடிகார மூடியில் வரிசையாக வைத்ததும், பேரிமரச் சட்டத்தின்மேல் படிந்திருந்த அழுக்கை ஈர்க்குச்சியால் சுரண்டிவிட்டு என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்ததும் நினைவிருக்கிறது. சாப்பிட்டுவிட்டு வாய் கொப்பளிக்காமல் ஊதுகிறவள் என்று அதற்குப் பொருள். நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும் என்று நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, பித்தளை ரீடுக்கடியில் எஃகுத் தகடு ஒன்றை நுழைத்து, கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கி, நுனியில் ஊசி அரத்தால் மூன்றே இழுப்பு. ஊதிப் பார்க்கச் சொன்னீர்கள். சுருதி இன்னும் கொஞ்சம் ஏற வேண்டியிருந்தது. இன்னும் ஒன்று. அவ்வளவுதான். ஆணிகள் தளர்ந்துவிட்டன என்று பழைய மேசைக் கடிகாரத்தின் திருகாணிகளைப் போட்டு முடுக்கிக் கொடுத்தீர்கள். காசு வாங்க மறுத்ததை நான் ஒத்துக்கொள்ளவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

பொங்கல் விருந்தில் நாங்கள் ஐவரும் வாசித்ததைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. 1950களில் ப்ளூஸ் மவுத் ஆர்கன்காரர் லிட்டில் வால்டர் செய்ததுபோல் மைக்கையும் மவுத் ஆர்கனையும் சேர்த்துக் கைகளுக்குள் பொத்திப் பிடிக்கலாம் என்று நான் துணிந்ததில், ஒலிபெருக்கி கூவிய கூவலுக்குப் பந்தலில் இருந்த குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஆச்சி பாடத் தொடங்கியபின் எல்லாம் சரியாயிற்று. முடிந்ததும் ஓர் அம்மா வந்து, இது எந்தப் படத்துப் பாட்டு என்று கேட்டார். நம்ம ஆன்சன் பாட்டு என்று கிராணி ஐயா பதில் சொல்லி அனுப்பிவிட்டார்.

சனிக்கிழமை இரவுகளில் எனக்காக வேலை நேரத்தை மாற்றிக்கொண்ட ஆய்வுக்கூடத் தோழிக்கும், ஈப்போவுக்குப் போகும்போதெல்லாம் நான் கேட்ட சுருதிக் கருவி கடையில் இருக்கிறதா என்று இறங்கிப் பார்த்துவந்த லாரி அண்ணனுக்கும், என்மேல் வந்த புகாரை அதட்டாமல் பக்குவமாக என்னிடம் சொன்ன குடியிருப்புக் காவலாளி ஐயாவுக்கும் என் நன்றி.

ஆலையில் என் வேலை ஒப்பந்தம் இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டிருக்கிறது. கிள்ளானுக்கு மாற்றல் கேட்கலாமே என்று அம்மா தொலைபேசியில் சொன்னார். மூன்றாம் துளை இன்னும் சரியாக நிற்கவில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவருக்கு அது பல்வலியாகக் கேட்டதாம்.

அண்ணே, புதிதாக வந்த பச்சரிசி மூட்டைகளைத் தயவுசெய்து சன்னல் பக்கச் சுவரோரம் அடுக்கச் சொல்லுங்கள். அந்த மூலையில்தான் சிக்குவின் கோர்டு இன்னும் எதிரொலிக்கிறது. சனிக்கிழமை ஏழரை மணிக்கு மாடியைத் திறந்துவைக்கிறேன். ஆச்சியின் நாற்காலியும் வெற்றிலைத் தட்டும் வழக்கமான இடத்தில் இருக்கும்.

நன்றியுடன்,
மாடியில் ஊதும் கிள்ளான் பெண்